பையர், முதலாளி, லைன்: மெர்ச்சன்டைசர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருப்பூர் பனியன் ஏற்றுமதி கம்பெனிகளில் மெர்ச்சன்டைசர் (ஆர்டர் வாங்கியதிலிருந்து ஷிப்மென்ட் வரை பார்த்துக்கொள்பவர்) வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நூல், துணி, தையல் பற்றிச் சொல்லிக்கொடுக்க ஆள் உண்டு. பேசச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. ஆனால் நாளில் முக்கால்வாசி வேலை அதுதான். காலையில் சாயம் போடும் டையிங்காரரோடு, மதியம் ஆர்டர் தரும் ஜெர்மனி பையரோடு, சாயங்காலம் முதலாளியோடு, நடுநடுவே தையல் லைன் சூப்பர்வைசரோடு. என்னிடம் வேலை பழகும் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். வேறு தொழிலில் இருப்பவர்களுக்கும் பாதி பொருந்தும், மீதிக்கு நான் பொறுப்பல்ல.

என் ஆங்கிலம் சுமார்தான். பையருக்கு மெயில் எழுத உட்கார்ந்தாலே கை ஓடவில்லை. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போகவா?

போங்கள், நல்லதுதான். ஆனால் மெயிலுக்காகப் போக வேண்டியதில்லை. ஜெர்மனி, ஸ்பெயின், டென்மார்க், பிரான்ஸ் பையர்களுக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. அவர்களும் பள்ளியில் படித்த ஆங்கிலத்தில்தான் எழுதுகிறார்கள். உங்கள் இலக்கணத்தைத் திருத்த அங்கே யாருக்கும் நேரமில்லை. அவர்கள் தேடுவது இவைதான்: எந்த ஸ்டைல் (டிசைன்), எத்தனை பீஸ், எந்தத் தேதி, தங்களிடமிருந்து என்ன முடிவு வேண்டும். இது முதல் மூன்று வரிக்குள் இருந்தால் உங்கள் மெயில் நல்ல மெயில்.

தலைப்பில் வெறுமனே 'அர்ஜென்ட்' என்று போடாதீர்கள். அந்தப் பையருக்கு வங்கதேசத்திலிருந்தும் துருக்கியிலிருந்தும் அன்றைக்கு அதே 'அர்ஜென்ட்' வந்திருக்கும். ஆர்டர் எண், ஸ்டைல் பெயர், விஷயம், பதில் வேண்டிய தேதி, இவ்வளவும் தலைப்பிலேயே இருக்கட்டும். ஒரு மெயிலில் ஒரு ஆர்டரைப் பற்றி மட்டும் எழுதுங்கள். மூன்று ஸ்டைலைக் கலந்து எழுதினால் முதல் கேள்விக்கு மட்டும் பதில் வரும், மற்ற இரண்டும் அடுத்த வாரம் உங்கள் தலையில் விடியும்.

தேதி எழுதும்போது மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 05/06 என்றால் லண்டனில் ஜூன் 5, நியூயார்க்கில் மே 6. ஒரு மாத வித்தியாசத்தை எந்த ஓவர்டைமும் ஈடுகட்டாது.

ஷிப்மென்ட் தள்ளிப்போகும் என்று தெரிகிறது. பையரிடம் எப்போது சொல்ல வேண்டும்?

தெரிந்த அன்றைக்கே. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

ஒரு உதாரணம். 3,000 பீஸ் டி-ஷர்ட், எக்ஸ் ஃபேக்டரி தேதி (சரக்கு கம்பெனியை விட்டுக் கிளம்ப வேண்டிய நாள்) ஜூன் 12. மே 28 அன்று நேவி கலர் துணி டையிங்கிலிருந்து ஷேடு மாறி வருகிறது, ரீ-டையிங் (மறுபடி சாயம்) போட வேண்டும். நம் ஆட்கள் வழக்கமாகச் செய்வது என்ன? டையிங் மேனேஜருக்குப் போன் போடுவார்கள். அவர் "ரெண்டு நாள்ல குடுத்தர்றனுங்" என்பார். அதை நம்பி வாயை மூடிக்கொள்வார்கள். ஜூன் 3-க்குத் துணி வரும், துணி பின்னால் சுருங்காமல் இருக்கச் செய்யும் காம்பேக்டிங்கில் ஒரு நாள் போகும், கட்டிங் தொடங்கும்போதே கணக்கு உதைக்கும். ஜூன் 10-ஆம் தேதி சாயங்காலம் 'சிறிய தாமதம்' என்று ஒரு மெயில் போகும்.

ஜூன் 10-ல் சொன்னால் பையர் செய்வதற்கு ஒன்றுமில்லை. கப்பல் புக்கிங் போய்விட்டது, அவருடைய கிடங்கில் ஒதுக்கிய நாளும் போகும். ஏர் போடச் சொல்வார், அதாவது விமானத்தில் அனுப்பச் சொல்வார், செலவு நம் தலையில். இதையே மே 28-ல் சொல்லியிருந்தால் அவர் கையில் பல வழிகள் இருந்திருக்கும். மற்ற கலர்களை முதலில் அனுப்பச் சொல்லலாம், நேவியை அடுத்த கப்பலில் ஏற்றச் சொல்லலாம், கடையில் வைக்கும் தேதியை மாற்றலாம், 500 பீஸை மட்டும் ஏரில் கேட்கலாம். முன்னால் சொன்னால் அது அவரும் சேர்ந்து எடுக்கும் முடிவு. கடைசியில் சொன்னால் நம் குற்றம் மட்டுமே.

ஆங்கிலத்தில் எழுத வேண்டியதைத் தமிழில் காட்டுகிறேன்: "நேவி துணி ஷேடு ஒப்புதலுக்குள் வரவில்லை, ரீ-டையிங் செய்கிறோம். துணி ஜூன் 4 தயார். 3,000-ல் நேவி 1,200 பீஸ் ஜூன் 19-க்குத் தயாராகும், மீதி 1,800 பீஸ் சொன்னபடி ஜூன் 12. இரண்டாகப் பிரித்து அனுப்பலாமா, அல்லது மொத்தமாக ஜூன் 19 அனுப்பவா? மே 30-க்குள் சொன்னால் கப்பல் இடத்தை மாற்றிவிடுவோம்." அவ்வளவுதான். மன்னிப்பு ஒரு வரி போதும், அதுவும் கடைசியில்.

அந்த ஜூன் 19 எங்கிருந்து வந்தது என்பதுதான் முக்கியம். 'ரெண்டு நாள்' என்று சொன்னவரிடம் அடுத்த கேள்விகளைக் கேட்க வேண்டும்: எந்த மெஷினில் ஏற்றுகிறீர்கள், இப்போது அதில் ஓடும் பேட்ச் எப்போது இறங்கும், நம் பேட்ச் ராத்திரி ஷிஃப்டா காலை ஷிஃப்டா? இவற்றுக்குப் பதில் இருந்தால் அது தேதி. இல்லையென்றால் ஆறுதல் வார்த்தை. ஆறுதல் வார்த்தையைப் பையருக்கு ஃபார்வர்ட் செய்யாதீர்கள். இரண்டாவது முறையும் தேதி தவறினால், அதன் பிறகு நீங்கள் சொல்லும் எந்தத் தேதியையும் அவர் நம்ப மாட்டார்.

காரணத்தை எவ்வளவு விளக்குவது?

ஒரு வரி. பவர் கட், மழை, தீபாவளிக்கு ஊருக்குப் போன ஆட்கள் திரும்பவில்லை என்று கதை நீள நீள, கம்பெனி கட்டுப்பாட்டில் இல்லை என்பதுதான் தெரியும். பண்டிகை எப்போது என்று காலண்டரில் ஜனவரியிலேயே போட்டிருக்கிறதே!

விதிவிலக்கு உண்டு. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. அந்த மாதிரி ஊரையே பாதிக்கும் விஷயம் என்றால் விவரமாக எழுதத்தான் வேண்டும். செய்தித்தாள் பக்கத்தையே இணைத்து அனுப்பலாம்.

நான் சொல்லத் தயார். முதலாளிதான் "இப்பச் சொல்லாத, பார்த்துக்கலாம்" என்கிறார். என்ன செய்வது?

முதலாளி பயப்படுவது ஆர்டர் கேன்சலுக்கும் டிஸ்கவுன்டுக்கும். "சொல்லணுங்க சார், அதுதான் முறை" என்று தர்மம் பேசினால் எடுபடாது. அவர் பேசும் மொழி ரூபாய். ஒரே தாளில் மூன்று வரி எழுதிக்கொண்டு போங்கள்: இன்றைக்குச் சொன்னால் வரக்கூடிய செலவு, ஜூன் 10-ல் சொன்னால் 1,200 பீஸுக்கு ஏர் செலவு, அந்த ஆர்டரில் நமக்கு நிற்கும் லாபம். இரண்டாவது எண் மூன்றாவதைத் தின்றுவிடுவதை அவரே பார்ப்பார். கூடவே அனுப்ப வேண்டிய மெயிலையும் எழுதியே எடுத்துப் போங்கள். "என்ன செய்யலாங்க?" என்று போய் நிற்பதற்கும் "இதை அனுப்பலாங்களா?" என்று கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. முதலாவதில் அவர் யோசிக்க வேண்டும், அதனால் தள்ளிப்போடுவார். இரண்டாவதில் ஒரு வார்த்தையைத் திருத்திவிட்டு, "ம், அனுப்பு" என்பார்.

அப்படியும் வேண்டாம் என்றால், "சரிங்க சார், ரீ-டையிங் துணி ஜூன் 4 வரலைன்னா அன்னிக்குச் சொல்லிரலாங்களா?" என்று ஒரு தேதியையாவது வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.

போனா, வாட்ஸ்அப்பா, மெயிலா?

போட்டோ அனுப்ப வாட்ஸ்அப். மனசு கசந்திருந்தால் போன். முடிவு எதுவாக இருந்தாலும் மெயில். பையர் வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைக் காட்டினார் என்று லேப் டிப்பில் (ஒப்புதலுக்கு அனுப்பும் சாய மாதிரித் துண்டுகள்: ஏ, பி, சி) 'பி' ஷேடை மொத்தமாகச் சாயம் போட்டுவிட்டு, பின்னால் "நான் போட்டோ கிடைத்தது என்றுதான் சொன்னேன்" என்று கேட்டு முழித்தவர்கள் ஊரில் நிறைய. "இன்று நீங்கள் வாட்ஸ்அப்பில் சொன்னபடி பி ஷேடில் தொடங்குகிறோம்" என்று அன்றைக்கே ஒரு வரி மெயில் போட்டுவிடுங்கள்.

நேரத்தையும் பாருங்கள். ஜெர்மனியில் காலை 9 மணி என்றால் நமக்குக் கோடையில் மதியம் 12:30, குளிர்காலத்தில் 1:30. சாப்பாட்டுக்கு முன்னால் அனுப்பிவிட்டால் அவர் மேசையில் முதல் மெயில் உங்களுடையது.

பையர் வேகமாகப் பேசுகிறார், பாதி புரியவில்லை. தலையை ஆட்டிவிடுகிறேன்.

அந்தத் தலையாட்டலில்தான் ஆபத்து. நாம் 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்று ஆட்டுகிறோம், அவர் 'ஒப்புக்கொண்டார்' என்று எடுத்துக்கொள்கிறார். புரியாத இடத்தில் நிறுத்திக் கேட்கக் கூச்சமாக இருந்தால், புரிந்ததைத் திருப்பிச் சொல்லுங்கள்: "அப்படியென்றால் கழுத்து ரிப் (கழுத்துப் பட்டி) 2 செ.மீ., தையல் நூல் துணிக் கலரிலேயே, சரிதானே?" தப்பாக இருந்தால் அவரே திருத்துவார். மீட்டிங் முடிந்த அன்றைக்கே பேசியதை எண்ணிட்டு மெயிலில் அனுப்புங்கள். மறுநாள் அனுப்பினால் இரண்டு தரப்புக்கும் ஞாபகம் தேய்ந்திருக்கும்.

பையர் நேரில் வருகிறார். பிரசன்டேஷன் எப்படித் தயாரிப்பது?

நம் ஊர்க் கம்பெனிகளின் பிரசன்டேஷன் எல்லாம் ஒரே அச்சு. முதலில் நிறுவனர் படம், அப்புறம் கட்டடம், மெஷின் பட்டியல், சான்றிதழ்கள், குத்துவிளக்கு ஏற்றும் படம். நாற்பது ஸ்லைடு முடிவதற்குள் பையர் போனை எடுத்துவிடுவார். அவர் கோவையில் விமானம் இறங்கி, இரண்டு நாளில் ஐந்தாறு கம்பெனி பார்க்க வந்தவர். மெஷின் எத்தனை என்பது அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் வந்திருக்கிறார்.

துணியில் தொடங்குங்கள். மேசையில் ஆறு பீஸ், அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றிலும் ஒரு அட்டை: நூல் கவுண்ட் (நூல் எவ்வளவு மெல்லியது என்ற எண்), ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்), குறைந்தபட்ச ஆர்டர் எண்ணிக்கை, எத்தனை நாளில் தர முடியும், விலை எந்த அளவில். அவர் கை தானாக எந்தப் பீஸுக்குப் போகிறது என்று பாருங்கள், அதைப் பற்றி முதலில் பேசுங்கள். நீங்கள் மனப்பாடம் செய்த வரிசை அப்போதே கலைந்துவிடும், கலையட்டும். ஒரே டி-ஷர்ட்டைப் புதிதாக ஒன்றும் இருபது முறை துவைத்தது ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், தரத்தைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டாம்.

ஸ்லைடு போட்டே ஆக வேண்டும் என்றால் ஐந்து போதும். எழுத்தைப் படிக்காதீர்கள், படிக்க அவருக்கே தெரியும். ஆரம்பத்து இரண்டு நிமிடத்தை மட்டும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், கண்ணாடி முன்னால் அல்ல, உடன் வேலை செய்யும் ஒருவர் முன்னால். அங்கேதான் நாக்கு தடுக்கும், அதைத் தாண்டிவிட்டால் பிறகு ஓடும்.

தரத்தைப் பற்றிக் கேள்வி வந்தால் கியூசி (தரம் பார்க்கும்) ஆளையே பேசவிடுங்கள். ஆங்கிலம் தடுமாறட்டும், பரவாயில்லை. பீஸைத் திருப்பி உள்பக்கத் தையலைக் காட்டி அவர் சொல்லும் அரை வாக்கியத்துக்கு, டை கட்டிய மார்க்கெட்டிங் ஆளின் பத்து வாக்கியத்தைவிட மதிப்பு அதிகம். தெரியாத கேள்வி வந்தால் "பார்த்துவிட்டு இன்று ஐந்து மணிக்குள் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு, ஐந்து மணிக்குள் சொல்லுங்கள்.

விலை குறைக்கச் சொன்னால் எப்படிப் பேசுவது?

"இதுதான் பெஸ்ட் பிரைஸ்" என்று சொல்லிவிட்டு மறுநாள் பத்து சென்ட் குறைத்தால், முந்தின நாள் சொன்னது பொய் என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி. காஸ்டிங்கைப் பிரித்து வைத்துக்கொண்டு பேசுங்கள்: நூல், நிட்டிங், டையிங், கட்டிங், தையல், பட்டன் லேபிள் பாலிபேக், கழிவு. குறைக்க வேண்டுமென்றால் எதைக் குறைப்பது என்று அவரையே கேளுங்கள். ஜிஎஸ்எம் 180-லிருந்து 160 ஆகலாமா? மூன்று கலரை ஒன்றாக்கலாமா? 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கு வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது, வரியில் ஒரு பங்கை நம்மை ஏற்கச் சொல்லிப் பையர்கள் வந்தார்கள். அந்த மாதிரி நேரத்தில் பிரித்த கணக்கு கையில் இல்லாதவருக்குப் பேசுவதற்கே ஒன்றும் இருக்காது, கெஞ்சலாம் அல்லது மறுக்கலாம்.

இன்ஸ்பெக்ஷன் ஃபெயில் ஆகிவிட்டது. இன்ஸ்பெக்டரோடு வாதாடலாமா?

கணக்கைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். 3,000 பீஸ் லாட்டில் ஏக்யூஎல் (ஏற்கத்தக்க குறை அளவு) 2.5, பொது ஆய்வு இரண்டாம் நிலை என்றால் 125 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். பெரிய குறை 7 வரை பாஸ், 8 என்றால் ஃபெயில். "மூவாயிரத்துல எட்டே எட்டுதானே சார்" என்று கேட்காதீர்கள், அந்த எட்டு 125-ல் கிடைத்தது. ஒரு கறையைப் பெரிய குறையில் சேர்ப்பதா சிறிய குறையில் சேர்ப்பதா என்று பையரின் கையேட்டைத் திறந்து வைத்துக் கேட்கலாம். அது நியாயமான வாதம். குரலை உயர்த்துவதும் தனியாகக் கூப்பிட்டுப் போய்ப் பேசுவதும் வேண்டாம்.

லைனில் என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்த டைலர்கள். நான் சொன்னால் கேட்பார்களா?

எப்படிச் சொல்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. லைன் தலைமாட்டில் நின்று "யார் இந்தக் கழுத்து அடிச்சது?" என்று சத்தம் போட்டால் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள், ஆனால் எல்லாக் காதும் கேட்டிருக்கும், அன்றைக்குச் சாயங்காலம் உங்களுக்கு ஒரு பெயரும் வைத்திருப்பார்கள்.

நான் பார்த்த ஒரு சூப்பர்வைசர் அம்மா செய்வது இது. குறையுள்ள பீஸையும் சீல் சாம்பிளையும் (பையர் ஒப்புக்கொண்ட மாதிரி பீஸ்) எடுத்துக்கொண்டு அந்த டேபிளுக்கே போவார். மெஷின் நிற்கும்வரை காத்திருப்பார். "அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று இரண்டையும் மடியில் வைப்பார். வேறொன்றும் சொல்ல மாட்டார். தைத்தவரே விரலால் ரிப்பைத் தடவிப் பார்த்து, "தையல் விட்டு விட்டு விழுகுது, ஊசி மழுங்கிருச்சுங்க, காலைலயே மெக்கானிக்கைக் கேட்டேன்" என்பார். கோளாறு கையில் இல்லை, ஊசியில் என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிட்டது. சத்தம் போட்டிருந்தால் அந்த ஊசி சாயங்காலம் வரை ஓடியிருக்கும்.

ஒடிசா, பீகார் ஆட்கள் உள்ள லைனில் பேச்சைக் குறைத்துக் காட்டுவதைக் கூட்டுங்கள். சரியான பீஸ் ஒன்று, தப்பான பீஸ் ஒன்று, தப்பு இருக்கும் இடத்தில் ஒட்டிய சிவப்பு அம்பு. இரண்டும் கண்ணுக்கு நேராகத் தொங்கட்டும். கூடவே பெயர் சொல்லிக் கூப்பிடப் பழகுங்கள். 'ஏய் ஹிந்தி' என்று கூப்பிடுகிறவருக்கு வேலை நடக்கும், செய்தி வராது.

தலைமைப் பண்பு என்று பயிற்சி வைக்கிறார்களே, பிரயோஜனம் உண்டா?

பாதிப் பயிற்சிகள் கைதட்டலோடு முடிந்துவிடும். நான் ஒன்றைத்தான் பார்ப்பேன்: கெட்ட செய்தி கீழேயிருந்து மேலே எவ்வளவு சீக்கிரம் வருகிறது?

நம் தொழிலிலேயே இதற்கு மறக்கக் கூடாத சம்பவம் இருக்கிறது. வங்கதேசத்தில் டாக்கா அருகே சவாரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் 2013 ஏப்ரல் 24 அன்று இடிந்தது, 1,100-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசலைத் தொழிலாளர்கள் பார்த்திருந்தார்கள். கீழ்த்தளங்களில் இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேலே இருந்த ஆயத்த ஆடைத் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள். செய்தி தெரியாமல் இல்லை. அதைச் சொன்னவர்களின் வார்த்தைக்கு மதிப்பு இல்லை.

உங்கள் லைனில் எலெக்ட்ரிக் பேனல் சூடாகிறது என்று ஒரு ஹெல்பர் வந்து சொன்னால் அவருக்கு என்ன நடக்கிறது? "உன் வேலையைப் பாரு" என்று திட்டு விழுகிறதா, யாராவது எழுந்து போய்ப் பார்க்கிறார்களா? ஷேடு மாறியதை டையிங் ஆள் மறைக்காமல் உங்களிடம் சொல்வதும், நீங்கள் பையரிடம் சொல்வதும் இதே சங்கிலியில்தான் இருக்கிறது. செய்தி கொண்டுவந்தவரிடம் முதலில் "எப்போது பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள், "யார் செய்தது?" என்று அல்ல. இது ஒன்றைப் பழகிக்கொள்ள மேடைப் பயிற்சி எதுவும் வேண்டாம்.

கூட்டத்தில் எழுந்தாலே நாக்கு வறண்டுவிடுகிறது. எங்கே பழகுவது?

பேச்சுப் பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களைப் போய்ப் பாருங்கள். 1924-ல் கலிபோர்னியாவின் சான்டா ஆனா நகரில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கியது. சென்னை, கோவை போன்ற ஊர்களில் உண்டு. தமிழிலேயே நடக்கும் மன்றங்களும் இருக்கின்றன. முன்னேற்பாடு இல்லாமல் ஒன்றிரண்டு நிமிடம் பேச வைப்பார்கள், தயாரித்த பேச்சுக்கு ஐந்திலிருந்து ஏழு நிமிடம். நேரத்துக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு காட்டுவார்கள். நீங்கள் எத்தனை முறை 'அ... ம்...' என்று இழுத்தீர்கள் என்று எண்ணவே ஒரு ஆளை உட்கார வைத்திருப்பார்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. இவர்களின் உலகப் போட்டியில் 2014-ல் வென்றவர் இலங்கையின் தனஞ்சய ஹெட்டியாராச்சி.

ஒரு எச்சரிக்கை: அங்கே பழகும் கைவீச்சையும் ஏற்ற இறக்கத்தையும் அப்படியே பையர் மீட்டிங்குக்குக் கொண்டுவராதீர்கள். நேரக் கட்டுப்பாட்டை மட்டும் கொண்டுவாருங்கள்.

மெயிலை ஏஐ-யிடம் எழுதச் சொல்லலாமா?

இலக்கணத்துக்குச் சொல்லலாம். எண்ணையும் தேதியையும் நீங்களே சரிபாருங்கள். அது சர்க்கரை கொட்டி எழுதும், பாதியை வெட்டுங்கள். பையர் பெயரும் விலையும் உள்ள ஃபைலை அப்படியே ஏற்றுவதற்கு முன் கம்பெனியில் அனுமதி கேளுங்கள்.

பொங்கலுக்கு ஒரு வாரம் ஊருக்குப் போகிறேன். என்ன சொல்லிவிட்டுப் போவது?

வாயால் சொல்லாதீர்கள், ஒரு பக்கம் எழுதி வையுங்கள். ஒவ்வொரு ஆர்டருக்கும் இரண்டு வரி: இப்போது எங்கே நிற்கிறது, அடுத்து யார் எந்தத் தேதிக்குள் என்ன செய்ய வேண்டும். பையருக்கும் உங்கள் இடத்தில் பார்க்கப்போகிறவரின் பெயரை இரண்டு நாள் முன்பே மெயிலில் சொல்லிவிடுங்கள். ஒப்புதலுக்குக் காத்திருக்கும் லேப் டிப் எது, டையிங்கில் யாருக்குப் போன் செய்வது, பிபி சாம்பிளின் (உற்பத்திக்கு முன் அனுப்பும் மாதிரி) கூரியர் எண் என்ன என்பதும் அந்தப் பக்கத்தில் இருக்கட்டும். முக்கியமாக, சீல் சாம்பிள் எந்த அலமாரியில் இருக்கிறது, சாவி யாரிடம் என்று எழுதுங்கள். நீங்கள் பஸ் ஏறியதும் வரும் முதல் போன் அதற்காகத்தான் இருக்கும்.